ஆதுலசாலை விளக்கும் பிறழ்நடை நாடியும்

தென்னேரியின் கரையில் நிற்பவர்க்குத் தொண்டைமான் இளந்திரையன் நினைவு வருவது இயல்பு. 'திரையன் ஏரி' என்பதே தென்னேரி என மருவியது என்று இப்பகுதியார் பெயர்க்காரணம் கூறுவர். அவ்வேரியிலிருந்து தெற்கே வாலாசாபாத்தைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல் எதிர்ப்படும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் ஆதலின் அப்பெயர் பெற்றது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழக மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அதனைத் தொடாமல் செல்ல இயலாது.

கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணாக்கர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இயங்கியதை அக்கல்வெட்டு உரைக்கின்றது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். அவர்கள் கிடப்பதற்கு 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவைப் பணி செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்வார் இருவர், நோயாளர்க்கு வேண்டிய பணிவிடை புரிந்து மருந்து காய்ச்சும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்வார் ஒருவர் என்று பணியாளர் வகுக்கப்பட்டிருந்தனர். மருத்துவர்க்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். அறுவைப் பணி செய்வார்க்கு ஒரு குறுணி. பெண்டிர் இருவர்க்கும் சேர்த்தே ஒரு குறுணிதான். வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலாக ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றோடு, இரவு முழுதும் எரிய வேண்டிய விளக்கு ஒன்றுக்கு எண்ணெய்ச் செலவு தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. மருந்துப் பட்டியலைப் பாராட்டுவோர் பலரும் இவ்விளக்கை எளிதில் கடந்து விடுகின்றனர். நோய் இரவிலும் நடமாடும் என்பதையும், அதனைக் காண ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதையும் அறிந்த நிருவாகமே இத்தகைய செலவை ஒதுக்கும்.

இக்கல்வெட்டைப் பற்றி மேடைகளில் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. அக்காலத்திலேயே இங்கே நாடி பிடித்துப் பார்த்து இதயத்தின் கோளாறுகளைக் கண்டறிந்தனர் என்பது அது. ஊர்ப்பற்று போற்றத்தக்கதே, ஆயினும் கல்வெட்டில் அதற்குச் சான்று இல்லை. நாடி என்ற சொல்லே அங்கில்லை. அந்த மருந்துப் பட்டியல் வடமொழி ஆயுர்வேத மரபைச் சார்ந்தது. அம்மரபின் முதன்மை நூல்களாகிய சரகத்திலும் சுசுருதத்திலும் நாடித் தேர்வு ஒரு தனி முறையாக இடம்பெறவில்லை. காண்டலும், தொடுதலும், வினவலுமே அவை கூறும் வழிகள். நாடியைப் பார்த்து நோயறியும் முறையை விளக்கும் பழைய வடநூல் எனச் சாரங்கதரரின் நூலே பொதுவாகச் சுட்டப்பெறும். அதன் காலம் ஏறத்தாழ 13, 14-ஆம் நூற்றாண்டுகள். அதாவது ஆதுலசாலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கேனும் பிற்பட்டது. திருமுக்கூடல் மருத்துவர் நோயாளியின் கையைத் தொட்டே இருக்க மாட்டார் என்று சொல்வதற்கில்லை. தொட்டறிந்ததை அவர் எவ்வாறு பொருள் கொண்டார் என்பதற்குத்தான் ஆவணம் இல்லை.

சாரங்கதரர் கூறுவனவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு நேரே உரியது. தன் இடத்திலே நின்று நின்று நடக்கும் நாடி உயிரைப் போக்கும் என்பது அவர் கருத்து. இந்திய மருத்துவ நூல்களில் சீர் பிறழ்ந்த துடிப்பைத் தெளிவாகக் குறிக்கும் பழைய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆயின் நின்று நின்று நடக்கும் நாடி எல்லாம் உயிரைப் போக்குமா? இவ்வினாவுக்கு விடை காண உலகம் மேலும் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

தமிழில் சித்தர் பெயரால் வழங்கும் நாடி நூல்களின் மொழிநடையைக் கொண்டு பார்த்தால் அவற்றுட் பல மிகப் பிற்காலத்தவை. எனினும் அவை ஆண்ட சொல்வளம் தமிழ் மாணவர்க்கு இன்பம் தருவது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எண்வகைத் தேர்வுகளில் நாடிக்கே முதலிடம். மூன்று விரல்களின்கீழ் வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றைத் தனித்தனியே உணர வேண்டும். வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என அவற்றுக்கு அளவு. இவ்வளவின் பெயர் மாத்திரை. தொல்காப்பியர் எழுத்தொலியை அளக்கக் கொண்ட அதே மாத்திரைதான். கண்ணிமைப் பொழுது, கைந்நொடிப் பொழுது. குறில் ஒன்று, மெய் அரை, மகரக்குறுக்கம் கால் என்று இலக்கண வகுப்பில் ஓதப்படும் அளவுகள் மூன்றும் மருத்துவனின் விரல் நுனியிலும் வந்து நின்றன. கடிகாரமில்லாத ஊரில் காலத்தை அளக்கப் புலவனும் மருத்துவனும் ஒரே முகத்தல் கருவியைப் பயன்படுத்தினர் எனலாம்.

அளவு மட்டுமன்று, நடையும் நோக்கப்பட்டது. வாத நாடி அன்னம், கோழி, மயில் போலவும், பித்த நாடி ஆமை, அட்டை போலவும், ஐய நாடி தவளை, பாம்பு போலவும் நடக்கும் என்பர். தவளையின் நடையை நினைத்துப் பார்த்தால் இவ்வுவமை வெறும் அணி அன்று என்பது விளங்கும். தத்திச் செல்லும், நிற்கும், மறுபடி தத்தும். ஆனால் இந்நூலோர் தேடியது முக்குற்றங்களின் நிலையை. இதயத்தின் நிலையை அன்று. விரல் சரியாகவே உணர்ந்தது. உணர்ந்ததற்குத் தந்த விளக்கம்தான் வேறு. கைக்கு வரும் துடிப்பு இதயம் தள்ளிய குருதியின் அலை என்ற தெளிவு, 1628-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி குருதியோட்டத்தை நிறுவிய பின்னரே மெல்லப் பரவியது.

அத்தெளிவு தமிழில் எழுதப்பட்ட இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), மனுஷ சுகரணம் (1883) முதலிய பெருநூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்போர்க்கு அந்நூல்களின் பக்கங்களே விடை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதயத்திலிருந்து புறப்படும் குழாய்க்கு 'நாடி' என்றும், இதயத்துக்குத் திரும்பும் குழாய்க்கு 'நாளம்' என்றும் பெயர். தமிழகப் பாடநூல்கள் 'தமனி', 'சிரை' என்னும். பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு உரிமையாக்கிய ஈழத்து வழக்கே சிறந்தது. மணிக்கட்டில் கைவைத்து 'நாடி' என்று சொல்லும் தாதி அங்கே குருதிக் குழாயையும் அதன் துடிப்பையும் ஒரே சொல்லால் சுட்டி விடுகின்றார்.

நின்று நின்று நடக்கும் நாடியின் புதிரை அவிழ்த்த பெருமையில் பெரும்பங்கு ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்க்கு உரியது. அவர் பணியாற்றிய இடம் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் அன்று. இலங்காஷயரின் பருத்தி நெசவு நகரமாகிய பர்ன்லி. 1879 முதல் 1907 வரை அவர் அங்குப் பொது மருத்துவராக இருந்தார். இலங்காஷயர் ஆலைத்துணி தமிழகத்து நெசவாளர் வயிற்றில் அடித்த கதையை நாம் அறிவோம். அத்துணியை நெய்த ஆலைத் தொழிலாளரும் வறியவரே. அவர்களே மெக்கன்சியின் நோயாளர். தொடக்க நாளில் இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி மகப்பேற்றின்போது அவர் கண்முன்னே இறந்தாள். அவ்விதயம் தாங்குமா, தாங்காதா என்று முன்கூட்டி அறிய வழியில்லாமற் போயிற்றே என்ற வேதனை அவரை வாழ்நாள் ஆராய்ச்சியில் இறக்கியது.

அவர் கையாண்ட கருவி எளியது. மணிக்கட்டு நாடியின் அசைவையும், கழுத்துச் சிரையின் அசைவையும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் கோடுகளாக இழுக்கும் 'பாலிகிராஃப்'. அதனை மருத்துவர் பையில் அடங்குமாறு செப்பனிட உள்ளூர்க் கடிகாரத் தொழிலாளர் ஒருவர் துணைபுரிந்தார். கழுத்தின் கோடு இதயத்தின் மேலறை செய்வதைக் காட்டும். மணிக்கட்டின் கோடு கீழறை செய்வதைக் காட்டும். இரண்டையும் இணைத்து நோக்கியபோது சீர் பிறழ்ந்த நாடி ஒன்றல்ல, பல என்பது புலனாயிற்று. மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்தும் வெளிவிடுகையில் தளர்ந்தும் துடிக்கும் இளைஞரின் நாடி ஒருவகை. அது நோயே அன்று. உரிய காலத்துக்கு முன்னரே ஒரு துடிப்பு தோன்றி, அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, நாடி 'நின்றாற்போல்' தோன்றுவது இன்னொரு வகை. நலமான இதயத்தில் பெரும்பாலும் அதனாலும் தீங்கில்லை. மூன்றாவதாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக ஓடும் நாடி; அதில் கழுத்துச் சிரையில் மேலறைக்குரிய அலையே காணாமற் போயிருந்தது.

யாப்பறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. வெண்பாவில் ஓரிடத்தில் தளை தட்டினால் செவி உடனே அறியும். ஆயினும் பா வெண்பாவாகவே இருக்கும். எந்தச் சீரும் எந்தச் சீரோடும் தளை கொள்ளாது ஓடுவதைப் பிழைபட்ட வெண்பா என்று சொல்ல முடியாது. அங்கே யாப்பே இல்லை. முன்தோன்றும் துடிப்பு முதல் வகை. மருத்துவர் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என வழங்கும் மேலறை நடுக்கம் இரண்டாம் வகை. விரலை ஒரு முழு நிமிடம் வைத்திருந்தால் கருவியின்றியே இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்துணரலாம். குழித்தறியில் இழை அறுந்ததை அடுத்த அறையிலிருந்தபடியே ஒலி மாற்றத்தால் அறியும் நெசவாளர்க்கு இது புதிய கலை அன்று.

மெக்கன்சியின் சிறப்பு கோடுகளை வரைந்ததில் மட்டுமில்லை. சிற்றூர் மருத்துவராக இருந்ததால் அதே நோயாளரை அவரால் பல ஆண்டுகள் தொடர்ந்து காண முடிந்தது. துடிப்பு தவறியவருள் யார் இருபதாண்டு கழித்தும் ஆலைக்கு வேலைக்குச் சென்றனர், யார் படுக்கையில் வீழ்ந்தனர் என்பதை அவர் நேரில் கண்டார். தீங்கற்ற பிறழ்ச்சிக்காக ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டவர்களை எழுப்பி நடமாட விட்டதும் இவ்வறிவின் பயனே. தாறுமாறான நாடியுடையோர்க்கோ டிஜிட்டாலிஸ் என்னும் இலை மருந்து நன்கு பயன்பட்டதைக் கண்டார். 1785-இல் வில்லியம் வித்தரிங் எழுதி வைத்த மருந்துதான் அது. யாருக்கு உரியது என்பது இப்போதுதான் துலங்கிற்று.

மெக்கன்சி மணிக்கட்டில் தேடியதை நெதர்லாந்து நாட்டு லைடனில் வில்லெம் ஐந்தோவன் மின்சாரத்தில் தேடினார். இதயத்தின் மின்னசைவை உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்யலாம் என்று இலண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-இல் காட்டியிருந்தார். ஆனால் அப்பதிவு மங்கலானது. ஐந்தோவன் 1901 முதல் 1903 வரை வெளியிட்ட ஆய்வுகளில் கையாண்டது இழை மின்மானி. அதன் உயிர்நாடி ஓர் இழை. படிகக்கல்லை உருக்கி, அம்பின் வாலில் ஒட்டி எய்து, அதனால் நீளும் நூலைக் கைப்பற்றி, அதன்மேல் வெள்ளி பூசினார்கள். பட்டுப்புழு நூற்கும் இழையினும் அது மெல்லியது. பட்டிழைமேல் வெள்ளி சுற்றிச் சரிகை செய்யும் வட்டாரத்தார்க்கு இவ்வரலாறு உவப்பளிக்கும். காந்தத்தின் இடையே தொங்கிய அவ்விழை, இதயத்தின் மின்னலைக்கு ஏற்ப அசைய, அதன் நிழல் ஒளிப்படத் தகட்டில் பதிந்தது. கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐவர் தேவை. நோயாளி இரு கைகளையும் இடக் காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி அமர வேண்டும்.

அக்கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியாது. நோயாளியை ஆய்வகத்துக்குக் கொணர்வதும் அரிது. எனவே 1905-இல் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் மின்னலை அனுப்பப்பட்டது. மெக்கன்சி கழுத்தில் காணாது தவித்த மேலறை அலையின் மறைவு இக்கோட்டில் வெளிப்படையாயிற்று. 1909-இல் இலண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும், தாறுமாறான நாடிக்குக் காரணம் மேலறை நடுக்கமே என்று காட்டினர். 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிட்டியது. இ.சி.ஜி. என்ற மூன்றெழுத்து இன்று தமிழகத்துச் சிற்றூரிலும் வழங்கும் சொல்லாகி விட்டது.

மேலறை நடுங்கும்போது அங்குள்ள குருதி தேங்கி உறையலாம். உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1978-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்நடுக்கமுடையோர்க்குப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு மற்றவரைவிட ஐந்து மடங்குக்கும் மேல். முடக்குவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியோர்க்குப் பதினேழு மடங்குக்கும் மேல். அக்காய்ச்சல் நெரிசலான வீடுகளில் வாழும் வறியோரின் பிள்ளைகளை மிகுதியாகத் தாக்குவது. சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுவீக்கமுமாக வந்து சென்றது, மணமாகிக் கருவுற்ற பின்னர் மூச்சுத்திணறலாக வெளிப்படும். பர்ன்லியில் மெக்கன்சி இழந்த பெண்ணைப் போன்றோர் நம் நாட்டு மகப்பேற்று மனைகளுக்கும் அயலார் அல்லர். உரிய நேரத்தில் நாடியின் பிறழ்ச்சி அறியப்பட்டால் குருதி உறையாமல் தடுக்கும் மருந்து உண்டு. அறியப்படாவிடில் அம்மருந்து கடையிலேயே கிடக்கும்.

அறிவதில் உள்ள இடர் யாதெனில், பிறழ்நடை பலருக்கு வந்து வந்து போகும். மருத்துவர் வரும் வேளையில் நாடி ஒழுங்காக நடக்கும். அவர் சென்றபின் நள்ளிரவில் தடுமாறும். மாரடைப்புற்றோர்க்கு முதற்சில மணி நேரத்தில் தோன்றும் கீழறை நடுக்கமோ சில நிமிடங்களில் உயிரைப் பறிப்பது. 1960 வரை இத்தகையோர் பொது நோயாளர் கூடத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தனர். விடியற்காலையில் இறந்து கிடப்பதைக் காண்பதும் உண்டு. 1961-இல் டெஸ்மண்ட் ஜூலியன் என்னும் மருத்துவர், இவர்களை ஓரிடத்தில் சேர்த்து, இதயத்தின் கோட்டை இடைவிடாமல் திரையில் காட்டி, பயிற்சி பெற்றோரைக் காவல் வைக்க வேண்டும் என்று 'லான்செட்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹியூஸ் டேயும், ஃபிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சரும் அத்தகைய பிரிவுகளைத் தொடங்கினர்.

இவற்றின் வெற்றி திரையால் மட்டும் வந்ததன்று. மருத்துவர் வரும்வரை காத்திராமல், கோட்டைப் படித்து முடிவெடுத்து மின்னதிர்ச்சி தரும் உரிமை செவிலியர்க்கு வழங்கப்பட்டதே திருப்பம். அதுகாறும் வெப்பநிலையும் நாடியும் குறித்து வைப்பதோடு நின்றவர், இப்போது இதயத்தின் நடையைப் படித்துப் பொருள் சொல்பவரானார். நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர்க்கு மிகக் குறைந்த நெல் அளக்கும் வழக்கம் திருமுக்கூடலோடு முடிந்து விடவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

ஐந்தோவனின் கம்பி தமிழகத்திலும் வேறு வடிவில் வந்தது. 2012 முதல் 2014 வரை இங்கு நிகழ்ந்த ஒரு பெருமுயற்சியில், சிறிய மருத்துவமனைகளில் எடுத்த மாரடைப்பு நோயாளரின் இ.சி.ஜி. பதிவுகள் மின்வழியே பெரிய மருத்துவமனை வல்லுநர்க்கு அனுப்பப்பட்டன. 2,420 நோயாளரைப் பற்றிய அதன் முடிவு 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது; இணைப்பு ஏற்பட்டபின் ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் குறைந்ததை அது காட்டியது. 2018 முதல் கைக்கடிகாரமே இதயத்தின் கோட்டை வரையவும் தொடங்கி விட்டது. அதனை வாங்க இயல்வோரின் துடிப்பு இரவும் பகலும் நோக்கப்படுகின்றது. இயலாதோர்க்கு இன்றும் உள்ளவை ஒரு தாதியின் விரல்களும், சுவர்க்கடிகாரமுமே.

அவ்விரல்களின் வேலை எளியதன்று. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பலரது வழக்கம். ஒழுங்கான நாடிக்கு அது போதும். ஒழுங்கற்ற நாடிக்கு அது பொய்க்கணக்கு. பதினைந்து நொடிக்குள் பிறழ்ச்சி தோன்றாமலே போகலாம்; தோன்றினும் பெருக்கலில் மறைந்து விடும். பதிவேட்டில் எண் மட்டும் எழுதப்படுமானால், நடை எத்தகையது என்ற செய்தி அடுத்த முறைப் பணியாளரைச் சென்று சேராது. சித்த நூலோர் எண்ணிக்கையை விட்டு நடையைப் பற்றிக்கொண்டனர். பதிவேடு நடையை விட்டு எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டது.

நாடி பிறழ்வதை உணர்ந்தால் செவிலியர் செய்ய வேண்டியது பாடநூலில் உண்டு. ஒருவர் மணிக்கட்டில் விரல் வைக்க வேண்டும்; மற்றொருவர் மார்பில் கேட்கும் கருவியை வைக்க வேண்டும்; ஒரே கடிகாரத்தைப் பார்த்து, ஒரே நேரத்தில் தொடங்கி, முழு நிமிடம் இருவரும் எண்ண வேண்டும். மேலறை நடுங்கும் இதயத்தில் சில துடிப்புகள் மிக நலிந்தவை. அவை மார்பில் கேட்கும், மணிக்கட்டை எட்டா. மார்பில் 120 எண்ணப்படும்போது மணிக்கட்டில் 90 மட்டுமே கிடைக்கலாம். அந்த முப்பதின் வேறுபாடே நோயின் அடையாளம். இதற்கு மின்கருவி ஏதும் வேண்டா, இருவர் வேண்டும். வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கைக்கு இரு பெண்டிர் இருந்தனர். முப்பது, நாற்பது படுக்கைக்கு ஒரே செவிலி நிற்கும் இரவில் இக்கணக்கை எடுக்க இரண்டாமவர்க்கு எங்கே போவது?